தாய்மையும் கால் நரம்புப் புடைப்பும்

கருவுற்று ஐந்தாறு மாதங்கள் ஆன பெண்ணின் காலில், கெண்டைச் சதையிலோ முழங்காலின் பின்புறத்திலோ, முறுக்கிய கயிறுபோல நீல நிறத்தில் ஒன்று புடைத்துத் தெரிவதுண்டு. 'நரம்பு சுருட்டிக்கொண்டது' என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். டாக்டர்கள் இதனை 'வெரிகோஸ் வெயின்' என்பார்கள். உண்மையில் இது நரம்பு அன்று, இரத்தக் குழாய். உடலின் பல பகுதிகளிலிருந்தும் இரத்தத்தை இதயத்திற்குத் திரும்பக் கொண்டுசெல்லும் சிரை என்னும் குழாயே இவ்வாறு விரிந்து வளைகிறது. இது ஏன் உண்டாகிறது, இதற்கு எப்போது அஞ்ச வேண்டும், எப்போது அஞ்ச வேண்டியதில்லை என்பவற்றை இன்று சிறிது ஆராய்வோம்.

பாதத்திலுள்ள இரத்தம் இதயத்தை அடைய மேல்நோக்கி ஏறியாக வேண்டும். அதற்கு இரண்டு துணைகள் உண்டு. நாம் நடக்கும்போது கெண்டைச் சதை சுருங்கிச் சிரைகளைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. மேலேறிய இரத்தம் கீழே இறங்காதபடி சிரைகளினுள் சிறு கதவுகள் போன்ற வால்வுகள் காக்கின்றன. இத்தாலியிலுள்ள பதுவா நகரத்துப் பேராசிரியர் பாப்ரீசியஸ் 1603இல் இவ்வால்வுகளை விளக்கி நூல் வெளியிட்டார். அவரிடம் பயின்ற ஆங்கிலேய மருத்துவர் வில்லியம் ஹார்வி, இவை இரத்தத்தை இதயத்தை நோக்கி மட்டுமே செல்லவிடுகின்றன என்பதை 1628இல் வெளியிட்ட தம் நூலில் நிலைநாட்டினார். கதவு சரியாக மூடாவிடில் இரத்தம் பின்வாங்கித் தேங்கும். தேங்கினால் குழாய் விரியும். விரிந்தால் கதவின் இதழ்கள் இன்னும் விலகும். இவ்வாறே புடைப்பு வளர்கிறது.

கர்ப்ப காலத்தில் இதற்கு மூன்று காரணங்கள் ஒன்று சேர்கின்றன. முதலாவதாக, தாயின் உடலில் ஓடும் இரத்தத்தின் அளவு ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் வரை பெருகுகிறது. இரண்டாவதாக, கருவைக் காக்கச் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் சிரைகளின் சுவர்களையும் தளரச் செய்கிறது. மூன்றாவதாக, வளரும் கருப்பை இடுப்பிலுள்ள பெரிய சிரைகளை அழுத்துகிறது. தாய்க்கோ தமக்கைக்கோ இக்குறை இருந்தால் இவளுக்கும் வரக்கூடும். பேறுகள் பெருகப் பெருக இதுவும் மிகுதல் இயல்பு. சிலருக்குப் பிறப்புறுப்பின் புறத்தேயும் இத்தகைய வீக்கம் தோன்றும். கூச்சத்தால் அதனை மறைக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் அது இயல்பான பிரசவத்திற்குத் தடையாவதில்லை. பிரசவத்திற்குப்பின் தானே மறைவதும் உண்டு.

கால் புடைப்பும் அவ்வாறே பேற்றுக்குப்பின் சில மாதங்களில் பெரும்பாலோர்க்குச் சுருங்கிவிடுகிறது. ஆகையால், கர்ப்ப காலத்தில் இதற்கென அறுவை சிகிச்சை செய்வது வழக்கமன்று. அதுவரை கால்களின் சுமையைக் குறைப்பதே நம் கடமை.

அதற்குச் செலவு மிக்க வழிகள் தேவையில்லை. நெடுநேரம் ஒரே இடத்தில் நிற்பதைத் தவிர்க்க வேண்டும். தரையிலமர்ந்து சமைத்த காலம் போய், மேடை முன் நின்று சமைக்கும் காலம் வந்துவிட்டது. காய் நறுக்குவதையும் மாவு பிசைவதையுமாவது உட்கார்ந்து செய்யலாம். உட்காரும்போது கால்மேல் கால் போடாமல், பாதங்களை ஒரு முக்காலியின்மேல் உயர்த்தி வைத்தல் நன்று. கணுக்காலை மேலும் கீழுமாக அசைத்தால் கெண்டைச் சதை தன் வேலையைச் செய்யும். நாள்தோறும் சிறிது தூரம் நடப்பது மிக நல்லது. பேறு நெருங்கும் மாதங்களில் மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுக்க வேண்டும். டாக்டர் சொன்னால், காலை இறுக்கிப் பிடிக்கும் நீண்ட காலுறைகளை அணியலாம். அவற்றைக் காலையில் படுக்கையை விட்டு எழுமுன்பே அணிதல் வேண்டும். அவை புடைப்பைப் போக்கிவிடா. ஆயினும் கடுப்பையும் வீக்கத்தையும் குறைக்கும்.

வேலைக்குச் செல்லும் பெண்களுக்குச் சட்டமும் துணை நிற்கிறது. பேற்றுக்கு முந்திய ஆறு வாரங்களிலும், அவற்றிற்கு முந்திய ஒரு மாதத்திலும், கருவுற்றவள் கேட்டுக்கொண்டால் நெடுநேரம் நின்று செய்யும் வேலையை அவளுக்குத் தரலாகாது என்று 1961ஆம் ஆண்டின் மகப்பேற்று உதவிச் சட்டம் விதித்தது. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அவ்விதி இடம்பெற்றுள்ளது. கடைகளில் வேலை செய்வோர்க்கு இருக்கை அளிக்க வேண்டுமென 2018இல் கேரளமும் 2021இல் தமிழ்நாடும் விதி செய்தன. கேட்பவர்க்கே பயன்படும் உரிமை ஆதலின், இதனைப் பெண்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

இனி, பேற்றுக்குப் பிந்திய காலத்தைப் பற்றிச் சற்று அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பிரசவத்தின்போது இரத்தப்போக்கைத் தடுப்பதற்காக, இரத்தம் உறையும் தன்மையை இயற்கை முன்கூட்டியே மிகுதியாக்கி வைக்கிறது. அத்தன்மை பேற்றுக்குப் பின்னும் சில வாரங்கள் நீடிக்கிறது. நம் நாட்டின் பல பகுதிகளிலோ, பெற்றவளை நாற்பது நாள் அறையைவிட்டு வெளிவராமல் வைப்பதும், பத்தியம் என்று தண்ணீரைக் குறைப்பதும் வழக்கம். ஓய்வு தரவேண்டும் என்ற அன்பு போற்றத்தக்கதே. எனினும் ஓய்வு வேறு, அசையாமல் கிடப்பது வேறு. அசையாத காலில் இரத்தம் தேங்கும். தேங்கிய இரத்தம் ஆழ்ந்த சிரைகளில் உறைந்து கட்டியாகக் கூடும். ஆதலால், இயல்பாகப் பெற்றவள் அன்றே எழுந்து நடமாடலாம். வயிற்றைக் கீறிப் பிள்ளை எடுக்கப்பட்டவளும், டாக்டரின் அனுமதியுடன், பெரும்பாலும் ஒரு நாளைக்குள் தாதியின் துணையோடு எழுந்து நடக்கலாம். தாகத்திற்குத் தண்ணீர் தாராளமாகக் கொடுக்க வேண்டும்.

கர்ப்பிணிகளின் இரு பாதங்களும் மாலையில் சிறிது வீங்குதல் இயல்பே. ஆனால் ஒரு கால் மட்டும் வீங்கி, வலித்து, சூடாகவோ சிவந்தோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இது இடது காலிலேயே மிகுதியாகக் காணப்படும். அக்காலை எண்ணெயிட்டு நீவுதல் கூடவே கூடாது. உறைந்த கட்டி பெயர்ந்து நுரையீரலைச் சென்றடைந்தால் உயிருக்கே ஆபத்து. திடீரென மூச்சுத் திணறினாலும், மூச்சிழுக்கையில் மார்பு வலித்தாலும், இருமலில் இரத்தம் வந்தாலும் சிறிதும் தாமதித்தல் ஆகாது. புடைத்த சிரை அடிபட்டு இரத்தம் பெருகினால், அவளைப் படுக்கவைத்து, காலை உயர்த்தி, சுத்தமான துணியால் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மருத்துவ உதவியை நாட வேண்டும். முகமும் கைகளும் வீங்கித் தலைவலியும் கண்மங்கலும் தோன்றினால், அது இரத்த அழுத்த நோயின் அறிகுறியாக இருக்கலாம். அதற்கும் உடனே டாக்டரிடம் செல்ல வேண்டும்.

பிள்ளை பிறந்து பல மாதங்கள் கடந்தும் புடைப்பு மாறாமல், கணுக்காலருகே தோல் கறுத்தோ அரித்தோ புண்பட்டோ வந்தால் சிகிச்சை தேவை. ஒலியலைக் கருவியால் எந்த வால்வு பழுதென்று கண்டறிகிறார்கள். மருந்தை ஊசிமூலம் செலுத்தியோ, லேசர் ஒளியின் வெப்பத்தாலோ அச்சிரையை அடைத்துவிடுகிறார்கள். சிலருக்கு அறுவை முறையும் உண்டு. மீண்டும் பிள்ளைப்பேறு வேண்டுவோர் எப்போது செய்துகொள்வது என்று டாக்டரைக் கலந்து முடிவு செய்தல் நலம்.

குழந்தை பிறந்ததும் வீட்டார் கண்கள் எல்லாம் தொட்டிலையே நோக்குகின்றன. தாயின் கால்களையும் நாள்தோறும் ஒருமுறை பார்க்க வேண்டும். இரு கால்களும் ஒத்திருக்கின்றனவா என்று பார்ப்பதற்கு ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் ஓர் உயிரைக் காக்கவும் கூடும்.