வானொலி வளர்த்த லயனல் பீல்டன்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சர்க்கார் சம்பளம் பெறுவோன் பொதுஜனத் தொண்டனாதல் கூடுமோ என்னும் வினா நம் கூட்டங்களில் அடிக்கடி எழுவதுண்டு. நம் இளைஞர் பலர் உத்தியோகத்தையே நாடி நிற்றலின், இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. இதனை மனத்துட்கொண்டு ஆங்கிலேயர் ஒருவரின் வரலாற்றை ஆராயப் புகுகின்றோம். அவர் இந்திய வானொலியின் முதற் கண்ட்ரோலரான லயனல் பீல்டன்.

1896இல் பிறந்த அவர் ஈட்டன் பள்ளியிற் பயின்றார்; முதல் உலகப் போரிற் பணிபுரிந்தார்; 1927இல் பி.பி.சி.யின் சொற்பொழிவுப் பகுதியை அடைந்தார். அவ்வாண்டிலேதான் இந்தியாவில் ஒரு தனிக் கம்பெனி பம்பாயிலும் கல்கத்தாவிலும் ஒலிபரப்பைத் தொடங்கிற்று. பெட்டி வைத்திருந்தோர் மிகச் சிலர். லைசென்ஸ் வரவு செலவுக்குப் போதவில்லை. 1930இல் கம்பெனி கலைந்தது. அதன் சுமை சர்க்கார் தலையில் விழுந்தது. வேண்டா வெறுப்பாகவே சர்க்கார் அதனை ஏற்றது என்பது எம் கருத்து. 1935இல் அதை நடத்த வல்லார் ஒருவரைப் பி.பி.சி.யினின்று வேண்டிப் பெற்றனர். அங்ஙனம் வந்தவரே பீல்டன்.

அவருக்கு முதல் இடையூறு பெயரிலேயே இருந்தது. "இந்தியன் ஸ்டேட் பிராட்காஸ்டிங் சர்வீஸ்" என்பது வாயில் நுழையாத பெயர். மாற்றலாம் என்றால் செக்ரடேரியட்டார் இணங்கவில்லை. அவர் செய்த தந்திரத்தைத் தம் சுயசரிதையில் அவரே சுவைபட எழுதியிருக்கின்றார். விருந்தொன்றில் வைசிராய் லின்லித்கோ பிரபுவை அணுகி, தமக்கு ஒரு சங்கடம் என்றும், பிரபு யோசனை கூறவேண்டும் என்றும் பணிவோடு வேண்டினார். பேச்சை மெல்ல நடத்திச் செல்ல, "ஆல் இந்தியா", "ரேடியோ" என்னும் சொற்கள் வைசிராயின் உள்ளத்தில் தாமே உதித்தனவாகத் தோன்றின! முதலெழுத்துக்களைக் கூட்டினால் ஆங்கிலத்தில் காற்று என்று பொருள்படுவது கண்டு அவர் மகிழ்ந்தனராம். 1936 ஜூன் மாதம் முதல் அப்பெயர் வழங்கலாயிற்று. மேலதிகாரியைக் கொண்டே காரியம் முடிக்கும் இவ்வித்தையை உத்தியோகஸ்தர்கள் கவனிப்பார்களாக.

பெயரினும் பெரிது பரப்பு. மத்திய அலை அருகிலுள்ள ஊர்களுக்குத் தெளிவாகக் கேட்கும், தொலைவிற் செல்லாது. சிற்றலையோ நெடுந்தூரம் செல்லும். ஆயின் ஒலி ஏறியும் இறங்கியும் வரும். தேசமோ பெரிது, பணமோ சிறிது. ஆகவே சிற்றலையையும் கொண்டு எங்கணும் ஓரளவேனும் கேட்கச் செய்வது என்று பீல்டனும், தலைமை எஞ்ஜினீயர் காய்டரும் துணிந்தனர். சென்னை நிலையம் 1938 ஜூன் 16இல் திறக்கப்பெற்றது; திருச்சிராப்பள்ளி நிலையம் 1939 மே மாதத்திற் பிறந்தது. நம் இசைவாணர் பாட்டும் புலவர் பேச்சும் காற்றில் ஏறிய காலம் அது. "வானொலி" என்னும் அழகிய தமிழ்ச்சொல் நாவிற் பயின்றதும் இந்நிலையங்களாலன்றோ!

எனினும் குறையும் கூறவேண்டும். 1939ஆம் ஆண்டு முடிவிலும் தேசமெங்கும் லைசென்ஸ் பெற்ற பெட்டிகள் ஓர் இலட்சத்தை எட்டவில்லை. கிராமத்து உழவனுக்குப் பெட்டி எட்டாக்கனியாகவே இருந்தது. வடக்கே ஹிந்தியா உருதுவா என்னும் வழக்கும் மூண்டது. இரண்டிற்கும் பொதுவாக ஹிந்துஸ்தானி என்றதொரு நடையை வழங்க, இரு திறத்தாரும் சினந்தனர். மொழியைக் காரியாலயத்தில் சமைக்க முற்பட்டால் இதுவே பயன்.

1940இல் பீல்டன் விலகினார். அவருக்குப்பின் அப்பதவியை ஏற்றவர், அவருக்கு உதவியாளராயிருந்த ஏ. எஸ். புகாரி என்னும் இந்தியர். "பத்ரஸ்" என்ற புனைபெயரில் உருதுவில் நகைச்சுவை எழுதிப் புகழ்பெற்றவர். தம் நாற்காலியில் இந்நாட்டான் ஒருவன் அமரும்படி ஆளைப் பழக்கிவைத்த அதிகாரிகள் அந்நாளில் எத்தனை பேர்?

இங்கிலாந்து மீண்ட பீல்டன் வாய்மூடி இருந்தாரல்லர். 1943இல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே, இந்தியாவை அடக்கியாளும் தம் நாட்டாரின் முறையைக் கண்டித்து ஒரு நூல் வெளியிட்டார். தாம் ஊழியம் செய்த ஆட்சியையே கண்டிக்க அவர் பதவியை விட்டபின்புதான் இயன்றது என்று சிலர் குறை கூறலாம். அக்கூற்றில் உண்மையும் உண்டு. ஆயினும் அவர் வந்தபோது இரண்டாயிருந்த நிலையங்கள் அவர் நீங்குமுன் ஒன்பதாயின. 1947இல் தேசம் பிரிந்தபோது லாகூர், பெஷாவர், டாக்கா மூன்றும் பாகிஸ்தானுக்குச் சென்றன. சென்னையும் திருச்சிராப்பள்ளியும் உட்பட ஆறு நிலையங்கள் சுதந்திர இந்தியாவுக்கு வந்து சேர்ந்தன.