ஃபியூஸ் போச்சுன்னா முதல்ல ‘ஏன்?’னு கேளுங்க

இன்னிக்கு நாம பேசப்போறது கார் ஃபியூஸ் பத்தி. இருங்க, அடுத்த எபிசோடுக்குத் தாவிடாதீங்க. இது ஒரு வகையில என்னோட ஒப்புதல் வாக்குமூலம். இன்ஜினியரிங் டிகிரி வச்சிருக்கேன், வேலையில சிஸ்டம் டிசைன் பத்தி மணிக்கணக்கா பேசுவேன். ஆனா போன மாசம் செஞ்சிக் கோட்டை வாசல்ல நான் பண்ணின ஒரு முட்டாள்தனத்தால எங்க கார் டாஷ்போர்டுக்குள்ள இருந்து புகை வந்துச்சு. பின் சீட்ல அம்மா, அக்கா, அக்காவோட 4 வயசுப் பையன். அதனாலதான் இந்த எபிசோட்.

நடந்ததைச் சொல்றேன். சென்னையில இருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்பினோம். திண்டிவனத்துல மேற்கால திரும்பினா வழியில செஞ்சி. ஊரைத் தாண்டினதும் ரோட்டுக்கு ஒரு பக்கம் ராஜகிரி, இன்னொரு பக்கம் கிருஷ்ணகிரி. 2025-ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியல்ல மராட்டியக் கோட்டைகள்னு 12 கோட்டைகளைச் சேர்த்தாங்க இல்லையா, அதுல தமிழ்நாட்டுல இருக்கிறது இது ஒண்ணுதான். அவ்வளவு பேர் வாங்கின கோட்டையைப் பார்க்காம போகக்கூடாதுன்னு வண்டியை நிறுத்திட்டு, நானும் அப்பாவும் ராஜகிரி ஏறினோம்.

உச்சிக்குக் கொஞ்சம் முன்னாடி பாறை பிளந்து ஒரு பெரிய பள்ளம் இருக்கு. அதைத் தாண்ட ஒரு சின்னப் பாலம். அந்தக் காலத்துல அங்க தூக்குற மாதிரி மரப்பாலம் இருந்திருக்கு. எதிரி கிட்ட வந்துட்டா பாலத்தை எடுத்துடலாம், உச்சி தனியா பத்திரமா நிக்கும். ஔரங்கசீப்போட படை 1690-ல இருந்து 1698 வரைக்கும் இந்தக் கோட்டையை முற்றுகை போட்டிருக்குன்னா, இதெல்லாம் சேர்ந்துதான் காரணம். இந்தப் பாலத்தை ஞாபகம் வச்சுக்குங்க, திரும்ப வருவேன்.

கீழ இறங்கி வந்தா முன் டயர்ல காத்து கம்மியா தெரிஞ்சுது. நம்மகிட்டதான் காத்தடிக்கிற சின்ன மெஷின் இருக்கே! 12 வோல்ட் சாக்கெட்ல, அதாங்க சிகரெட் லைட்டர் ஓட்டைன்னு சொல்லுவோமே, அதுல இருந்த போன் சார்ஜரைப் பிடுங்கிட்டு மெஷினைச் சொருகினேன். ‘டப்’னு ஒரு சின்ன சத்தம். மெஷின் ஓடலை. பாட்டு நின்னுபோச்சு. சைடு மிரரைத் திருப்புற பட்டனும் வேலை செய்யலை. மத்தபடி இன்ஜின் ஸ்டார்ட் ஆகுது, லைட் எரியுது, ஏசி வருது.

“ஃபியூஸ் போயிருக்கும்டா”ன்னார் அப்பா. ஃபியூஸ் பாக்ஸ் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியலை. வண்டி வாங்கி 3 வருஷம் ஆச்சு, மேனுவல் இன்னும் பிளாஸ்டிக் கவரைப் பிரிக்காம குளோவ் பாக்ஸ்ல தூங்குது. டிரைவர் முழங்காலுக்கு மேல ஒரு மூடிக்குள்ள இருந்ததை ஒருவழியா கண்டுபிடிச்சேன். 15-னு போட்ட நீல ஃபியூஸ் ஒண்ணு நடுவுல அறுந்திருந்துச்சு. மாத்த வேற ஃபியூஸ் இல்ல.

பக்கத்துல டீ குடிச்சிட்டிருந்த ஒருத்தர், “சிகரெட் பாக்கெட் சில்வர் பேப்பரைச் சுத்திச் சொருகு தம்பி, ஓடும்”னார். அப்பா, “வேணாம்டா, ஊருக்குள்ள போய் பாத்துக்கலாம்”னார். நான் கேக்கலை. மடிச்சு மடிச்சு நல்லா சுத்திச் சொருகினேன். சாவியைத் திருப்பினேன். பாட்டு வந்துச்சு. “பாத்தீங்களா?”ன்னு அப்பாவைப் பார்த்துத் திரும்புறேன், மூக்குல பிளாஸ்டிக் கருகுற வாடை. கியருக்கு முன்னாடி இருக்கிற இடுக்குல இருந்து மெல்லிசா வெள்ளைப் புகை. அப்பா எட்டி சாவியை ஆஃப் பண்ணிட்டு, “எல்லாரும் இறங்குங்க!”ன்னு கத்தினார். அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை.

நல்லவேளை, சாவியை ஆஃப் பண்ணினதும் புகை நின்னுடுச்சு. அந்த சில்வர் பேப்பரைப் பிடுங்கி எறிஞ்சுட்டு, அந்த ஃபியூஸ் இல்லாமலேயே வண்டியை மெதுவா செஞ்சி ஊருக்குள்ள கொண்டு போனோம்.

ஏன் இப்படி ஆச்சு? வயர்ல கரண்ட் போனா சூடாகும். அந்தச் சூடு கரண்டோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி கூடும். கரண்ட் 2 மடங்கானா சூடு 4 மடங்கு. 3 மடங்கானா 9 மடங்கு. வண்டி செய்றவங்க ஒவ்வொரு வயரும் எவ்வளவு தாங்கும்னு கணக்குப் போட்டு, அது சூடாகிக் கருகுறதுக்கு முன்னாடியே உருகுற மாதிரி ஒரு துண்டு உலோகத்தை வழியில வைக்கிறாங்க. அதுதான் ஃபியூஸ். அது காப்பாத்துறது பாட்டுப் பெட்டியை இல்ல, முக்கியமா வயரை. சங்கிலியில ஒரே ஒரு கண்ணியை வேணும்னே பலவீனமா வச்சிருக்காங்க. ராஜகிரிப் பாலம் மாதிரிதான். ஆபத்து வந்தா அது போயிடும், மத்ததெல்லாம் பிழைக்கும். நான் பண்ணினது என்னன்னா, எதிரி வாசல்ல நிக்கும்போது எடுத்த பாலத்தைத் திரும்பப் போட்டு, சிமென்ட் பூசினது.

இது நமக்குப் புதுசும் இல்ல. ஈபி ஃபியூஸ் கட்டையில அடிக்கடி கம்பி போகுதுன்னு நல்ல தடிமனான செம்புக் கம்பியைச் சுத்தி வச்ச வீடுகள் எத்தனை! “இனிமே போகவே போகாது”ன்னு பெருமை வேற. ஆமா, ஃபியூஸ் போகாது. சுவத்துக்குள்ள இருக்கிற வயர்தான் போகும்.

செஞ்சியில ஒரு ஆட்டோ எலக்ட்ரீஷியன் கடை. அறுபது வயசு இருக்கும் அவருக்கு. நான் போனதும், “அண்ணா, ஒரு 15 ஆம்ப் ஃபியூஸ் குடுங்க”ன்னேன். அவர் குடுக்கலை. “எதனால போச்சு?”ன்னு கேட்டார். நான் முழிச்சேன். டார்ச்சை எடுத்து சாக்கெட்டுக்குள்ள அடிச்சுப் பார்த்தார். பேட்டரி வயரைக் கழட்டிட்டு, நீள மூக்கு பிளேயரால உள்ள இருந்து ஒரு சின்ன உலோகத் துண்டை எடுத்து என் கையில வச்சார். என் போன் சார்ஜரோட முனை! மலிவான சார்ஜர், பிடுங்கும்போது மூக்கு மட்டும் கழண்டு உள்ளயே தங்கிடுச்சு. சாக்கெட்டோட அடியில பாசிட்டிவ், சுத்திச் சுவர் எர்த். நான் மெஷினைச் சொருகினதும் அந்தத் துண்டு ரெண்டையும் இணைச்சிடுச்சு. நேரடி ஷார்ட்.

“ஃபியூஸ் போறது வியாதி இல்ல தம்பி, அது காய்ச்சல் மாதிரி. உள்ள வேற என்னமோ இருக்குன்னு சொல்லுது”ன்னார். கருகின வயர்ல ஒரு முழம் வெட்டி எடுத்துப் புது வயர் போட்டார். அப்புறம்தான் ஃபியூஸ். ஃபியூஸோட விலை பத்து ரூபா. வயர் வேலைக்கு 1,800. அப்பா ஒரு வார்த்தை திட்டலை. அதுதான் இன்னும் வலிச்சுது.

சரி, நீங்க என்ன பண்ணணும்? இந்த வாரமே வண்டி மேனுவலைப் பிரிங்க. பெரும்பாலும் ஃபியூஸ் பாக்ஸ் ரெண்டு இருக்கும். ஒண்ணு டாஷ்போர்டுக்குக் கீழ, ஒண்ணு பானெட்டுக்குள்ள பேட்டரி பக்கம். எது எதுக்குன்னு மூடியிலயோ மேனுவல்லயோ படம் இருக்கும். நிறம்தான் அடையாளம்: 10 ஆம்ப் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள், 30 பச்சை. ஒரே ஃபியூஸ்ல ரெண்டு மூணு விஷயம் சேர்ந்திருக்கலாம். எங்க வண்டியில பாட்டும் மிரரும் சேர்ந்து போனது அதனாலதான்.

மாத்தும்போது சாவி ஆஃப்ல இருக்கணும். அதே அளவு, அதே ஆம்ப். 15 இருந்த இடத்துல 30 போடவே கூடாது. புதுசு போட்டதும் திரும்பப் போச்சுன்னா, இன்னொண்ணு போட்டுப் பார்க்காதீங்க, நேரா எலக்ட்ரீஷியன்கிட்ட போங்க. ஏர்பேக் ஃபியூஸ் பக்கம் நாமளா போகவேண்டாம். எலக்ட்ரிக், ஹைப்ரிட் வண்டியில ஆரஞ்சு நிறக் கேபிளைத் தொடவே வேண்டாம், அது உயர் மின்னழுத்தம்.

அப்புறம், சாக்கெட் மூடியில வாட் கணக்கு போட்டிருக்கும், பாருங்க. 12 வோல்ட், 10 ஆம்ப்னா 120 வாட். அதுக்கு மேல இழுக்கிற மெஷினைச் சொருகினா, ஷார்ட்டே இல்லாமலும் ஃபியூஸ் போகும்.

மேனுவலைப் பிரிச்ச கையோட இன்னும் ரெண்டு பட்டன் கத்துக்குங்க. மழையில உள்பக்கம் கண்ணாடி பனிச்சா துணியால துடைக்காதீங்க. ஏசியைப் போட்டு, காத்தைக் கண்ணாடிக்குத் திருப்பி, உள்காத்தையே சுத்த விடுற பட்டனை ஆஃப் பண்ணுங்க. இன்னொண்ணு, ஸ்டியரிங் பக்கத்துல 0, 1, 2, 3-னு ஒரு சின்னச் சக்கரம் இருந்தா, அது ஹெட்லைட்டோட உயரம். பின்னாடி ஆளும் சாமானும் ஏறினா வண்டி மூக்கைத் தூக்கும், வெளிச்சம் எதிர்ல வர்றவர் கண்ணுல அடிக்கும். நம்பரைக் கூட்டினா வெளிச்சம் கீழ இறங்கும்.

கடைசியா ஒண்ணு. திரும்பி வரும்போது எனக்கு வேற ஒரு யோசனை. ஆபீஸ்ல நடுராத்திரி ஒரு அலர்ட் அடிக்கும். என்ன காரணம்னு பார்க்காம மியூட் பண்ணிட்டுப் படுத்திருக்கேன். எரர் வந்தா அதைப் பிடிச்சு ஒண்ணும் பண்ணாம விழுங்குற கோட் எழுதியிருக்கேன். ஸ்கிரீன் பச்சையா இருந்தா போதும். அதுவும் சில்வர் பேப்பர்தான் மக்களே, நமக்குப் புகை தெரியலை, அவ்வளவுதான்.

அந்த உலோகத் துண்டு இப்ப என் மானிட்டருக்குக் கீழ இருக்கு. அலர்ட் வந்தா முதல்ல அதைப் பார்க்கிறேன்.

உங்க வண்டி ஃபியூஸ் பாக்ஸ் எங்க இருக்குன்னு இன்னிக்கே தேடிப் பாருங்க. அப்பாவோட சேர்ந்து தேடுங்க, அவருக்குத் தெரிஞ்சிருக்கும். அடுத்த வாரம் பார்க்கலாம்.