ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குக் கூடை தூக்கினால்

(கொல்லைக் காய்கறியைத் தாமே சந்தையில் விற்பது பற்றித் தலத்தெரு விவசாயி ஒருவர் வானொலியில் பேசியது)



நமக்கெல்லாம் விளைவிக்கத் தெரியும். நாற்று எத்தனை நாளில் பறிக்கணும், அறுப்புக்கு முன்னால் உளுந்தை எந்த ஈரத்தில் தெளிக்கணும் என்று நமக்கு யாரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விளைந்ததை எடுத்துக்கிட்டுப் போய்ச் சந்தையிலே உட்காருன்னு சொன்னால் கையும் காலும் ஓடாது. நானும் அப்படித்தான் இருந்தேன். காரைக்கால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குச் சின்னப் பிள்ளையிலிருந்து போய் வருகிறேன். எல்லாம் பையைத் தூக்கிக்கிட்டு வாங்கப் போனதுதான். விற்கப் போனது போன வருஷம்தான், அதுவும் பக்கத்து வீட்டு அத்தாச்சி கூடையைத் தூக்கிவிட ஆள் வேண்டும் என்று கூப்பிட்டதால்.

எங்க ஊர் தலத்தெரு, காரைக்கால் பட்டணத்தை ஒட்டினாற்போல இருக்கிறது. காவிரித் தண்ணீர் ஊர் ஊராய்ப் பாய்ந்து, மிச்சம் மீதி இருந்தால் கடைசியாக நம்ம பக்கம் வரும். 2007ஆம் வருஷம் நடுவர் மன்றம் புதுச்சேரி மாநிலத்துக்கு, அதாவது நம்ம காரைக்காலுக்கு, 7 டி.எம்.சி. என்று தீர்ப்புச் சொன்னது. 2018இல் உச்ச நீதிமன்றமும் அந்த அளவை அப்படியே வைத்துவிட்டது. தீர்ப்பில் இருக்கிற தண்ணீர் வாய்க்காலில் வந்தால் நெல்லு. அந்த நெல்லுப் பணமும் வருஷத்தில் ஒரு தடவைதான் கையைத் தொடும். தொடும்போதே கொடுக்க வேண்டியவர் வாசலில் நிற்பார். வாரா வாரம் வீட்டுச் செலவுக்குக் காசு காட்டுவது கொல்லைதான். அத்தாச்சிக்கு வீட்டுக்குப் பின்னால் அரை மா கொல்லை. கத்தரி, நாலு பாத்தி கீரை, வேலியோரம் அவரை, கொஞ்சம் வாழை. அவ்வளவுதான்.

கத்தரிக்காயை ஒரு வியாபாரி வரப்புக்கே வந்து எடுத்துக்கிட்டிருந்தார். வாரத்துக்கு 20 கிலோ போலக் கிடைக்கும். கிலோ 18 ரூபாய் என்று போட்டுத் தருவார். சந்தையில் அதே காயை நான் 30 ரூபாய்க்கு வாங்கி வந்து அத்தாச்சியிடம் சொல்லப்போக, "ஏன் தம்பி, நம்மளே கொண்டுபோய் வித்தா என்ன?" என்று கிளம்பிவிட்டது.

முதல் ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பட்ட பாட்டை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை மத்தியானமே பறித்துவிட்டோம். அதை ஒரு சாக்கில் போட்டுக் கட்டி வைத்தோம். விடிந்து பார்த்தால் காய் மினுமினுப்புப் போய்த் தோல் சுருங்கத் தொடங்கியிருந்தது. ஷேர் ஆட்டோ கிடைத்துச் சந்தைக்குப் போய்ச் சேர எட்டு மணி ஆகிவிட்டது. அதற்குள் நிழலான இடமெல்லாம் வாடிக்கையாய் உட்காருகிறவர்கள் கையில். எங்களுக்குக் கிடைத்தது கருவாட்டுக் கூடைகளுக்கும் துணிக்கடைக்கும் நடுவில், வெயில் நேராய் அடிக்கிற மூலை. காய் வாங்க வருகிறவர் காய்க்காரர் வரிசையில் வாங்கிக்கொண்டு போய்விடுவார். கருவாட்டுப் பக்கம் வந்தா கத்தரிக்காய் தேடுவார்? சில்லறை கொண்டுபோகவில்லை. முதல் ஆள் 500 ரூபாய்த் தாளை நீட்டினார். அரைக் கிலோ காய்க்கு! அவரை அனுப்பிவிட்டோம்.

கணக்கைக் கேளுங்கள். 30 ரூபாய்க்கு 7 கிலோ போயிற்று. அப்புறம் 25க்கு 5 கிலோ. மத்தியானத்துக்கு மேலே 15 என்று கூவி 6 கிலோ தள்ளினோம். 2 கிலோ வாடி வீட்டுக்கே திரும்பிவிட்டது. ஆக 425 ரூபாய். ஆட்டோ, தரைக் கட்டணம், டீத்தண்ணி எல்லாம் சேர்த்து 115 போக, கையில் 310. வரப்பிலே கொடுத்திருந்தால் உட்கார்ந்த இடத்தில் 360 வந்திருக்கும். ஒரு நாள் பொழப்பும் போயிற்று, 50 ரூபாயும் போயிற்று. "இனிமே இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கமாட்டேன்"னு அத்தாச்சி சொன்னது நியாயம்தான்.

ஆனால் அந்த மூலையில் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒரு காரியம் நடந்தது. பக்கத்தில் வெயிலுக்கு ஒதுங்கின ஒரு அம்மா, கோட்டுச்சேரிப் பக்கத்துக்காரங்க, பேச்சோடு பேச்சாக, "எங்க வரப்புல 21 ரூபாய்க்கு எடுத்துக்கிறாங்களே, உங்களுக்கு ஏன் 18?" என்று கேட்டுவிட்டார்கள். அத்தாச்சி என் முகத்தைப் பார்த்தது. நான் அத்தாச்சி முகத்தைப் பார்த்தேன்.

விஷயம் இதுதாங்க. நடவுக்கு முன்னால் விதைக்கும் மருந்துக்கும் என்று அந்த வியாபாரியிடம் 2,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருந்தது. வட்டி கிடையாது, காயை மட்டும் எனக்கே போட்டுடணும் என்று பேச்சு. வட்டி இல்லாத கடன் என்று அத்தாச்சிக்கு அவர்மேல் ரொம்ப மரியாதை. வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். கிலோவுக்கு 3 ரூபாய் குறைவு. வாரம் 20 கிலோ. காய்ப்பு 15 வாரம் என்று வைத்தாலும் 300 கிலோ. 900 ரூபாய்! 2,000 ரூபாய்க்கு நாலு மாசத்துக்குள் 900 ரூபாய் வட்டி கொடுக்கிறோம். அது வட்டி என்கிற பேரே இல்லாமல் கொடுக்கிறோம்.

அந்த வியாபாரியை நான் குறை சொல்ல வரவில்லை. கார்த்திகை மழையில் சந்தை கூடாத வாரத்திலும் சைக்கிளில் வந்து காயை எடுத்துப் போனவர் அவர்தான். அவருக்கும் முதல் போட்டவர் ஒருத்தர் மேலே இருப்பார். நமக்கு நாம் கொடுக்கிற விலை தெரியாமல் இருந்தது நம்ம குற்றம். ரேடியோவில், பேப்பரில் விலை சொல்கிறார்கள், கைபேசியிலும் வருகிறது. அதெல்லாம் பெரிய மார்க்கெட் விலை. நம்ம வரப்பு விலை இன்னொரு விவசாயி வாயிலிருந்துதான் தெரியவரும். அதைக் கேட்கச் சந்தைக்குத்தான் போகணும்.

நம்ம பக்கத்துக்குச் சந்தை புதுசும் இல்லை. தரங்கம்பாடி தாண்டி வடக்கே போனால் பூம்புகார். அந்த ஊரில் பகலில் கூடின கடைத்தெருவுக்கு நாளங்காடி என்று பேர், சிலப்பதிகாரத்தில் இருக்கிறது. அவ்வளவு தூரம் போவானேன், 1954 நவம்பர் 1 வரைக்கும் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தபோது, எல்லைக்கு இந்தப்புறம் ஒரு அரசாங்கம், அந்தப்புறம் ஒரு அரசாங்கம், நடுவில் சுங்கச் சாவடி. சாமான் தூக்கிப் போகிறவர் மூட்டையை அவிழ்த்துக் காட்டணும். இன்றைக்கு அந்தத் தொல்லை இல்லை. சந்தை என்றால் உலகமெல்லாம் ஒன்றுபோலத்தான். நம்மைப் போலச் சோறும் மீனும் தின்கிற பிலிப்பைன்ஸ் நாட்டில், விசாயா தீவுகளில், வாரச்சந்தையைத் 'தாபோ' என்கிறார்கள். அங்கேயும் பக்கத்து ஊர்க்காரரைப் பார்த்துச் சேதி பேசுகிற நாள் அதுதான்.

இரண்டாவது தடவை போனோம். நான்தான் வற்புறுத்தினேன். இந்தத் தடவை மொத்தத்தையும் தூக்கவில்லை. காயைப் பிரித்தோம். சொத்தை ஒன்றிருந்தால் கூடையே சொத்தை என்று நினைத்துவிடுவார்கள். காம்பு பச்சையாய், ஒரே அளவாய் 12 கிலோ சந்தைக்கு. மீதி 8 கிலோ வியாபாரிக்கு. அது பொறுக்கினது போக மிச்சம் என்று அவருக்குத் தெரியும், 15 ரூபாய்தான் போட்டார், அது சரிதான். பறித்தது ஞாயிற்றுக்கிழமை விடியற்காலம், பனி ஈரம் காய்ந்தும் காயாமலும் இருக்கிறபோது. ஈரச் சாக்கு போர்த்தியது கீரைக்கு மட்டும். வெண்டை வைத்திருக்கிறவர்கள் கவனிக்கணும், அதன்மேல் தண்ணீர் தெளித்தால் கறுத்துப் போகும். மருந்து அடித்திருந்தால் டப்பாவில் எத்தனை நாள் பொறுக்கணும் என்று போட்டிருக்கிறதோ அத்தனை நாள் பொறுக்கணும். எதிரிலே உட்கார்ந்து முகம் பார்த்து விற்கிறோம், அடுத்த வாரமும் அதே முகத்தைப் பார்க்கணும்.

கீரைதான் எங்களைக் காப்பாற்றியது. 40 கட்டு, கட்டு 10 ரூபாய், ஒன்பது மணிக்குள் காலி. கீரைக்கு வந்தவர்களே கத்தரிக்காயையும் வாங்கினார்கள். 9 கிலோ 30க்கு, 3 கிலோ 25க்கு. பதினொரு மணிக்கு வீட்டில் இருந்தோம். வரவு 745, செலவு 115 போக 630, வியாபாரி தந்த 120 சேர்த்து 750. எல்லாவற்றையும், கீரையைக் கட்டு 5 ரூபாய் என்று வரப்பிலேயே கொடுத்திருந்தால் 560. வித்தியாசம் 190 ரூபாய். அரை நாளுக்கு 190 பெரிய பணம் என்று சொல்லமாட்டேன். நடவுக்குப் போனால் அதற்குமேல் கூலி கிடைக்கலாம். நாலு தினுசு கொஞ்சம் கொஞ்சமாய் வைத்திருக்கிற அத்தாச்சி மாதிரிக் கொல்லைக்காரருக்குத்தான் இது சரிப்படும். ஒரே காயை 200 கிலோ பறிக்கிறவர் தரையில் உட்கார்ந்தால் பாதி வாடிவிடும். அவருக்கு மொத்த வியாபாரிதான் வழி.

தராசு விஷயம் ஒன்று. நாங்கள் இரவல் வாங்கிப் போனது எலக்ட்ரானிக் தராசு. அதற்கு வருஷத்துக்கு ஒரு தடவை, கல்லுக்கும் கைத்தராசுக்கும் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை அரசாங்க முத்திரை போட்டாகணும். வரப்பிலே நம்ம காயை எடைபோடுகிற தராசுக்கும் அதே சட்டம்தான். சந்தேகமாய் இருந்தால், வெறும் பாட்டிலை முதலில் வைத்து எடை பாருங்கள், அப்புறம் சரியாக ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி வையுங்கள். ஒரு கிலோ கூடணும். கூடவில்லை என்றால் தராசில் கோளாறு. சண்டை போடாமல் சிரித்துக்கொண்டே செய்யலாம். சின்னக் காயைத் தராசில் போடவே வேண்டாம், கூறு கட்டிவிடுங்கள். கூறு சீக்கிரம் போகும்.

தமிழ்நாட்டில் 1999 நவம்பர் 14 அன்று மதுரையில் முதல் உழவர் சந்தை திறந்தார்கள். அடையாள அட்டை உள்ள விவசாயிக்கு இடம், தராசு, அன்றாட விலைப் பலகை எல்லாம் அங்கே உண்டு. வாரச்சந்தையில் அதெல்லாம் எதிர்பார்க்க முடியாது. விலைப் பலகையும் நாமதான், காவலும் நாமதான். தரைக் கட்டணத்துக்கு மட்டும் ரசீது கேட்டு வாங்குங்கள். கேட்கக் கூச்சப்பட்டால் அடுத்த வாரம் கட்டணம் கூடிவிடும்.

சந்தைக்கு நாலு வாரம் போனதில் அத்தாச்சிக்கு இன்னொன்று பிடிபட்டது. எந்த வாரம் எது போகும் என்பது. அமாவாசைக்கு முந்தின ஞாயிறு வாழைக்காயும் அவரையும் கையில் நிற்காது. புரட்டாசியில் காய் தின்கிறவர் கூட்டம். ஆனி பௌர்ணமியை ஒட்டி அம்மையார் கோயில் மாங்கனித் திருவிழா, அப்போது வாசல் மாமரத்துக் காய்க்குக்கூட மதிப்பு வரும். பொங்கலுக்குப் பறங்கி, சர்க்கரைவள்ளி, மஞ்சள் கொத்து. முளைக்கீரைக்கு 25 நாள், வெண்டைக்கு முதல் பறிப்பு 45 நாள் என்று பின்னால் இருந்து எண்ணிக்கொண்டு வந்தால், விதை போடுகிற நாள் தானாகத் தெரியும்.

முன்பணத்தை அத்தாச்சி இரண்டு தவணையில் அடைத்துவிட்டது. கடைசித் தவணையை வியாபாரி கையில் கொடுத்தபோது நானும் இருந்தேன். மனுஷர் எண்ணிப் பார்த்துவிட்டு, "இனிமே காய் எனக்கு உண்டா இல்லையா?" என்று கேட்டார். "உண்டு, ஆனா ஊர் விலைக்கு" என்றது அத்தாச்சி. அந்த வாரத்திலிருந்து 21 ரூபாய் போடுகிறார். மழை வாரத்தில் இப்போதும் அவருக்குத்தான் கொடுக்கிறோம்.

இந்த ஆடியில் அத்தாச்சி வேலியோர அவரையை இரண்டு மடங்காக ஊன்றியிருக்கிறது. விதைக்குக் கடன் வாங்கவில்லை, போன தையில் முற்ற விட்ட காயிலிருந்து எடுத்தது. தை அமாவாசைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் புறப்படணும், காய்க்காரர் வரிசையில் நிழலாய் இடம் பிடிக்கணும் என்று இப்போதே எனக்கு உத்தரவு. பத்து ரூபாய்ச் சில்லறையும் சேர்த்துக்கொண்டு வருகிறது, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில்.