இந்தமுறை சொல்லிக்கொண்டு போகிறோம்

(தமிழக முகாம் ஒன்றிலிருந்து தாயகம் திரும்பும் குடும்பங்களுக்கான பிரியாவிடைக் கூட்டத்தில், புறப்படும் தாய் ஒருவர் ஆற்றிய உரை)



நாளை விடிய எங்கள் குடும்பத்தோடு சேர்த்து ஐந்து குடும்பங்கள் இங்கிருந்து புறப்படுகின்றன. என்னைப் பேசச் சொன்னபோது முதலில் மறுத்தேன். ஆனால், 1990 இல் ஊரை விட்டு வந்த இரவில் ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் வந்தது நினைவுக்கு வந்தது. இந்தமுறையாவது சொல்லிக்கொண்டு போகவேண்டும் என்றுதான் எழுந்து நிற்கிறேன்.

அன்று எனக்குப் பதினாறு வயது. மன்னார் மாவட்டத்தில் மாந்தைப் பக்கம் எங்கள் ஊர். அடுப்பில் சோறு இருந்தது. மாடுகளை அவிழ்த்துவிட்டோம். வீட்டுக் கதவைச் சாத்தினோம், பூட்டவில்லை. நாலு நாளில் திரும்பிவிடுவோம் என்று நினைத்தோம். அப்பா காணி உறுதியை மட்டும் பொலித்தீன் பையில் சுற்றி மடியில் கட்டிக்கொண்டார். படகேறி வந்து மண்டபத்தில் பதிந்தோம். நாலு நாள் 25 வருடமாகிவிட்டது. இங்கேதான் கலியாணம் முடித்தேன். என் இரண்டு பிள்ளைகளும் இங்கேதான் பிறந்தார்கள். என் அம்மாவை இந்த ஊர்ச் சுடலையில்தான் எரித்தோம்.

போகிறோம் என்று முடிவெடுத்த அன்று மூத்தவள் என்னிடம் கேட்டாள்: "அம்மா, நீங்க உங்க ஊருக்குப் போறீங்க. நான் என் ஊரை விட்டுப் போறேனே, இனி நான்தான் அகதியா?" எனக்குப் பதில் வரவில்லை. அவளுக்குப் பதினாலு வயது. அவளுடைய பள்ளி, சிநேகிதிகள், பேச்சு எல்லாம் இந்த மண்ணுடையவை. அங்கே பிள்ளைகள் "பெடியன்" என்பார்கள், இவள் "பையன்" என்பாள். கொஞ்ச நாள் சிரிப்பார்கள்.

ஆகவே போகப்போகிற பெற்றோருக்கு முதலில் சொல்வது இதுதான்: பிள்ளைகளுக்கு இல்லாத சொர்க்கத்தைக் காட்டாதீர்கள். எங்கள் வீட்டுக்குக் கூரை இல்லை, கிணறு தூர்ந்துவிட்டது என்று ஊரிலிருந்து வந்த செய்தியை அப்படியே மகளிடம் சொன்னேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தாள். மூன்றாம் நாள், "கிணற்றை யார் இறைப்பது?" என்று கேட்டாள். அன்றுதான் அவளும் புறப்பட ஆயத்தமானாள் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது, பத்திரங்கள். உடுப்பை அங்கே வாங்கலாம். இங்கே விட்டுவந்த சான்றிதழை எடுப்பது பெரும் பாடு. இங்கே பிறந்த பிள்ளைகளின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகரகத்தில் பதிந்து, குடியுரிமைக்கும் விண்ணப்பிக்க வேண்டும். எங்கள் திருமணம் பதியப்படாமல் இருந்ததால் பிள்ளைகளின் பதிவும் பல மாதம் இழுபட்டது. அந்தப் பிழையை நீங்கள் விடாதீர்கள். பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், தடுப்பூசி அட்டை எல்லாவற்றையும் மூலப் பிரதியாக வாங்குங்கள். அவற்றைப் பெட்டியில் போடாமல் கைப்பையில் வையுங்கள்.

ஊர் போனதும் முதலில் கிராம அலுவலரிடம் பதிந்துகொள்ளுங்கள். அடையாள அட்டைக்கும் பாடசாலை அனுமதிக்கும் அவருடைய உறுதிப்படுத்தல் வேண்டியிருக்கும். காணி உறுதி தொலைந்திருந்தால் காணிப் பதிவகத்தில் பிரதி கேட்கலாம். அரச அனுமதிப்பத்திரக் காணியென்றால் பிரதேச செயலகத்துக்குப் போங்கள். சொந்த வளவுதானே என்று உடனே பற்றைக்குள் இறங்கவேண்டாம். கண்ணிவெடி அகற்றப்பட்ட இடமா என்று கேட்டறிந்த பின்பே காலடி வையுங்கள். சிவப்பு மண்டையோட்டுப் பலகை கண்டால் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

மூன்றாவது, இங்கே இருக்கப்போகிறவர்களுக்கு. என் தங்கை எங்களோடு வரவில்லை. அவளுடைய மகன் கல்லூரியில் படிக்கிறான். படிப்பு முடியாமல் அவளால் அசைய முடியாது. போகிறவர் துணிந்தவரும் அல்ல, இருப்பவர் பயந்தவரும் அல்ல. அவரவர் குடும்பத்தின் கணக்கு அவரவருக்குத்தான் தெரியும். யாரும் யாரையும் வற்புறுத்தவும் கூடாது, குறை சொல்லவும் கூடாது.

கடந்த கிழமை கடைக்காரரிடம் பாக்கியைத் தீர்க்கப் போனேன். வந்த புதிதில் என் தகப்பனுக்குக் கடனுக்கு அரிசி தந்த மனிதர் அவர். கொப்பியை எடுத்துக் கடைசிக் கணக்கைக் கோடு கீறி அழித்தார். காசை வாங்கவில்லை. "பிள்ளைக்கு ஏதாவது வாங்கிக் கொடும்மா" என்றார். பக்கத்துத் தெரு அக்கா, மகளுக்குப் படிப்பித்த ரீச்சர், அம்மாவின் பாடையைத் தூக்கிய இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லோரிடமும் நேற்றும் இன்றும் வீடு வீடாகப் போய்ச் சொல்லிக்கொண்டோம். மகளும் கூடவே வந்தாள். சுடலைக்கும் போனாள். அம்மம்மாவுக்கு அவள்தான் விளக்கு வைத்தாள்.

அவள் கேட்ட கேள்விக்கு இன்றைக்கு என்னிடம் பதில் இருக்கிறது. சொல்லிக்கொள்ளக்கூட நேரமில்லாமல் ஓடி வந்தேனே, நான்தான் அகதி. நீ எல்லோரிடமும் சொல்லிவிட்டு, கையில் உன் பத்திரத்தோடு பகலில் போகிறாய். உனக்கு இரண்டு ஊர் இருக்கிறது, பிள்ளை.

 தங்கச்சி, அழாதே. போய்ட்டு வாறம்.