சம்பளம் இல்லாத வேலையா?
(கல்வி உதவித்தொகை வழங்கும் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)





உதவித்தொகை கேட்டு வரும் பிள்ளைகளிடம், படிப்புக்கு வெளியே என்ன செய்கிறீர்கள் என்று நாம் கேட்பது வழக்கம். இவ்வருடம் ஒரு பிள்ளை, மூளைப் படங்களை ஆராயும் ஒரு மென்பொருளுக்கு வேலை செய்வதாகச் சொன்னார். "எவ்வளவு தருவாங்க?" என்று கூட வந்த அத்தா கேட்டார். "ஒன்றும் இல்லை அத்தா" என்றதும் அவர் முகம் சுருங்கிவிட்டது. நம்மில் பல பெற்றோருக்கு அதே கேள்விதான் இருக்கும் என்பதால் விவரமாகவே பேசுகிறோம்.

வீட்டில் ஒருவருக்கு வலிப்போ பக்கவாதமோ வந்தால் எம்.ஆர்.ஐ. எடுக்கிறோம். கையில் ஒரு குறுந்தகடு தருகிறார்கள். அதில் இருப்பது ஒரே படம் அல்ல. துண்டு துண்டாக நூற்றுக்கணக்கான படங்கள். அவற்றை அடுக்கி, அளந்து, ஆராய்ச்சிக்குப் பயன்படுத்த மென்பொருள் வேண்டும். டி.ஐ.பி.ஒய். என்பது அப்படிப்பட்ட ஒன்று. மூளை நரம்பிழைகளின் ஓரமாகத் தண்ணீர் எளிதில் நகரும், குறுக்கே அவ்வளவு எளிதில் நகராது. அந்த நகர்வை இயந்திரம் பல திசைகளில் அளக்கிறது. மென்பொருள் அதைக் கொண்டு இழைகள் போகும் பாதையை வரைகிறது. நம் கல்லூரிகளில் சொல்லித்தரும் பைத்தான் மொழியில்தான் அது எழுதப்பட்டிருக்கிறது. அதன் மூலநிரல் முழுவதும் திறந்தே கிடக்கிறது. யாரும் எடுக்கலாம், திருத்தலாம், எழுதியவர் பெயரை மட்டும் அழிக்கக் கூடாது. ஊருக்குப் பொதுவாக எழுதி வைத்த கிணறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நம் தமிழ்நாட்டிலேயே உதாரணம் உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம், கருவில் வளரும் மூளையின் 5,132 வெட்டுத்துண்டுகளைப் படம்பிடித்து, 'தரணி' என்ற பெயரில் 2024 டிசம்பரில் உலகுக்கு இலவசமாகத் திறந்துவிட்டது. பணக்கார நாட்டு ஆய்வாளரும் கள்ளக்குறிச்சி மாணவரும் பார்ப்பது ஒரே படத்தைத்தான்.

சரி, பிள்ளைகள் அதில் என்ன செய்வார்கள்? மருத்துவம் தெரிய வேண்டியதில்லை. விளக்கக் குறிப்பில் ஒரு வரி புரியாமல் இருந்தால் திருத்துவது, நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு சோதனை எழுதுவது, பிழையைக் கண்டால் எப்படி வந்தது என்று தெளிவாக எழுதி அனுப்புவது, தொடக்கம் இவ்வளவுதான். அனுபவசாலிகள் பார்த்து, "இதை மாற்று, அதை விளக்கு" என்று திருப்பி அனுப்புவார்கள். முதல் தடவை திரும்பி வந்தால் அழக் கூடாது, பெற்றோரும் திட்டக் கூடாது. வெள்ளிமலை, கரியாலூர் பக்கம் சிக்னல் சரியாகக் கிடைக்காதே என்பார்கள். மூளைப் படங்கள்தான் பெரிய கோப்புகள், திருத்திய நிரல் சிறியது. படத்தை ஊருக்கு வந்து இறக்கிக்கொண்டு, வேலையை மலையில் உட்கார்ந்து செய்யலாம். பெண் பிள்ளைகளுக்கும் வீட்டிலிருந்தே செய்யக் கூடிய வேலை.

பணமே இல்லையா என்றால், ஒரு வழி இருக்கிறது. கூகுள் சம்மர் ஆஃப் கோட் திட்டத்தில் தேர்வானால் உதவித்தொகை உண்டு, டி.ஐ.பி.ஒய். திட்டத்தில் அவ்வழியே இந்திய மாணவர்கள் பலர் வேலை செய்திருக்கிறார்கள். வயது 18 நிரம்பியிருக்க வேண்டும். ஆனால் முன்பே சில திருத்தங்கள் அனுப்பியவருக்கே வாய்ப்பு அதிகம். விண்ணப்பத்துக்கு முதல் வாரம் ஓடிவந்தால் நடக்காது.

ஒன்றைக் கண்டிப்புடன் சொல்கிறோம். வீட்டாருடைய ஸ்கேன் படத்தை எந்தப் பிள்ளையும் இணையத்தில் போடக் கூடாது. பெயரை அழித்தால் போதாது. தலைப் படத்திலிருந்து முகத்தையே திரும்ப உருவாக்க முடியும். அதனால்தான் ஆராய்ச்சியாளர்கள் முகப்பகுதியை நீக்கிவிட்டுப் பகிர்கிறார்கள். பழகுவதற்குப் பொதுவில் திறந்துள்ள படங்கள் ஏராளம். இந்த மென்பொருளைக் கொண்டு பக்கத்து வீட்டுக்காரருக்கு நோய் சொல்வதும் வேண்டாம், அது மருத்துவர் வேலை.

கூட்டாளி தேவை என்பவர்களுக்கு, விழுப்புரத்தில் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று கிராமப்புற மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்றுத் தருகிறது. 2019 நவம்பர் வரை நாமும் அந்த மாவட்டம்தானே, தூரம் ஒன்றும் பெரிதல்ல.

நமது அலுவலகத்தில் ஒரு கணினியும் இணையமும் ஞாயிறு அஸருக்குப் பிறகு திறந்திருக்கும், இன்ஷா அல்லாஹ். பெயர் தர விரும்பும் பிள்ளைகள் அத்தாவையோ அம்மாவையோ அழைத்து வரட்டும். முதல் நாள் அவர்களும் உட்கார்ந்து பார்க்கட்டும்.