நாவின் முடிச்சும் நான்காண்டுக் கல்வியும்

(ஜமாஅத் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற மாணவர் பரிசளிப்பு நிகழ்ச்சியில் நமது பள்ளிவாசல் தலைமை இமாம் ஆற்றிய உரை)

 

 

மேல்நிலைப் படிப்பு முடிந்தவுடன் நம் வீடுகளில் இரண்டு பெயர்களே பேசப்படுகின்றன. ஒன்று மருத்துவம், மற்றொன்று பொறியியல். மருத்துவம் கிட்டாத பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, வீட்டோடு தங்கிவிடுகிறாள். இவ்விரண்டுக்கும் அப்பால் உள்ள கல்விகளில் ஒன்றைப் பற்றி மட்டும் இன்று பேச விழைகிறோம். பேச்சு, செவித்திறன் இயலில் வழங்கப்படும் இளநிலைப் பட்டப்படிப்பு அது. சுருக்கமாக பி.ஏ.எஸ்.எல்.பி. என்பர். நான்காண்டுக் கல்வி, அதில் இறுதியாண்டு முழுவதும் நேர்முகப் பயிற்சி.

மிம்பரில் நிற்பவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஃபிர்அவ்னிடம் செல்லுமாறு கட்டளை வந்தபோது மூஸா (அலை) அவர்கள் படையையோ பொருளையோ கேட்கவில்லை. தம் நாவிலுள்ள முடிச்சு அவிழ வேண்டும் என்று துஆச் செய்தார்கள். தம்மினும் தெளிவாகப் பேசவல்ல சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகவும் கேட்டார்கள். துஆவும் துணையும் அங்கே ஒருசேர வந்தன. நம் ஊரில் பேச்சு வராத குழந்தைக்குத் துஆ இருக்கிறது, ஓதிப் பார்த்தல் இருக்கிறது, தாயத்தும் இருக்கிறது. துணைதான் இல்லை. நோய்க்கு மருத்துவம் செய்துகொள்ளுமாறு நாயகம் (ஸல்) அவர்கள் ஏவியிருக்க, இந்தக் குறையை மட்டும் ஏன் மறைத்து வைக்கிறோம்?

மேலும், இந்தக் கல்வி நமக்கு அந்நியமானதும் அல்ல. மக்தபில் உஸ்தாத் முன் அமர்ந்து ஓதிய எவரும் மக்ரஜ் என்ற சொல்லை அறிவர். ஹம்ஸா தொண்டையின் அடியிலிருந்தும், ஐன் அதன் நடுவிலிருந்தும், ஃகைன் அதன் மேற்பகுதியிலிருந்தும் பிறக்கின்றன என்று படித்திருக்கிறோம். ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத், அரபு எழுத்துக்கள் பிறக்கும் இடங்களை 17 எனக் கணக்கிட்டார்கள். அவர்களின் மாணவர் ஸீபவைஹி 16 என்றார்கள். பின்னர் வந்த இப்னு ஸீனா, ஒலிகள் உண்டாகும் காரணங்களைப் பற்றித் தனி ஏடு எழுதி, அதில் குரல்வளையின் அமைப்பையும் நாவின் அமைப்பையும் விளக்கினார்கள். ஓர் எழுத்து மற்றோர் எழுத்தாக மாறி ஒலிக்கும் குறைக்கு அரபியில் லுஸ்ஃகா என்று பெயர். அதைப் பற்றி அல்கிந்தி ஒரு சிறுநூல் இயற்றினார்கள். ஹிஜ்ரி 131இல் இறந்த வாஸில் இப்னு அதா என்பவருக்கு ‘ரா’ எழுத்து வராது. அவ்வெழுத்தே இடம்பெறாத சொற்களைத் தேர்ந்து நீண்ட உரை நிகழ்த்தினார் என்று வரலாறு கூறுகிறது. (அவருடைய கொள்கை வேறு, அந்த விவகாரம் இங்கு வேண்டாம்.) இப்படிப்பில் முதலாண்டு சேரும் மாணவி குரல்வளையின் படத்தை விரித்து வைத்துப் படிப்பதும், நாக்கு எங்கே படுகிறது, மூச்சு எந்த வழியே செல்கிறது என்பதைத்தான்.

அதன்பின் பாடம் விரிகிறது. மொழியியல், உளவியல், ஒலியியல் ஆகியவை உண்டு. திக்குவாய், அன்னப்பிளவு, குரல் கெடுதல், ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் பேச்சு, செவிப்புலன் சோதனை, செவிக்கருவி பொருத்துதல் எனப் பலவும் உண்டு. உணவை விழுங்க முடியாமல் தவிக்கும் நோயாளிக்குப் பயிற்சி தருவதும் இவர்கள் பணியே என்பதைப் பலர் அறியார்.

பக்கவாதம் கண்ட பெரியவர்களைப் பார்க்கப் போகும்போது நாம் ஒன்றைக் கண்டிருக்கிறோம். தம் மனைவியின் பெயர் நாவில் வராது. தண்ணீர் என்று கேட்க வராது. ஆனால் ஸூரத்துல் ஃபாத்திஹாவைத் தொடங்கினால் கூடவே ஓதிவிடுவார். வீட்டார் இதைக் கண்டு குழம்புகின்றனர். நடிக்கிறார் என்று கூறியவர்களும் உண்டு. மூளையின் இடப்பக்கம் பாதிக்கப்படும்போது சொற்களைத் தேடி எடுத்துப் பேசும் ஆற்றல் போனாலும், பலகாலம் ஓதிப் பழகியது எஞ்சி நிற்பதுண்டு என இத்துறையினர் விளக்குகின்றனர். எஞ்சியிருக்கும் அந்தச் சிறு பகுதியைப் பிடித்துக்கொண்டே சிலருக்குப் பேச்சை மீட்க முயல்கின்றனர். ஃபாத்திஹா அறிந்த ஒருவர் அந்தப் பயிற்சியைத் தந்தால் எவ்வளவு நலம்!

நம் பிள்ளைகள் இதற்கு வர வேண்டும் என நாம் கூறுவதற்குக் காரணம் இதுவே. மருந்தை எந்த மொழிக்காரரும் கொடுக்கலாம். பேச்சுப் பயிற்சியை நோயாளியின் மொழியில்தான் கொடுக்க முடியும். அத்தா என்றும் வாப்பா என்றும் உம்மா என்றும் அழைக்கும் குழந்தையிடம் வேறு வீட்டுச் சொற்களைக் காட்டிப் பேசச் சொன்னால் அது விழிக்கும். நம் தாய்மார்களும் ஒரு பெண்ணிடம்தான் தயக்கமின்றி மனம் திறப்பர்.

எங்கே படிப்பது? மைசூரில் 1965இல் நிறுவப்பட்ட அகில இந்தியப் பேச்சு மற்றும் செவிப்புலன் நிறுவனம் இத்துறையில் முதன்மையானது. மும்பையில் 1983இல் தொடங்கப்பட்ட தேசிய நிறுவனம், அலிகர் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் மகாராஷ்டிர ஆளுநராகவும் விளங்கிய அலி யாவர் ஜங் அவர்களின் பெயரைத் தாங்கி நிற்கிறது. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திராவிலும் இப்படிப்பு உண்டு. அறிவியல் பிரிவில் படித்திருத்தல் வேண்டும். சேர்க்கை முறை இடத்துக்கு இடம் வேறுபடுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்தே விண்ணப்பிக்க வேண்டும். இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் அங்கீகாரம் உள்ளதா என்று விசாரிக்காமல் எங்கும் பணம் கட்டாதீர்கள். ஆங்கிலத்திலேயே பாடம் நடைபெறும்; நம் பிள்ளைகள் முதல் ஆறு மாதம் சிரமப்படுவார்கள்தாம். குர்ஆனைத் திக்கித் திணறி ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்று கேட்டு வளர்ந்தவர்கள் அந்தச் சிரமத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை.

பெற்றோருக்கும் ஒரு சொல். குழந்தை பிறந்தவுடன் வலக்காதில் பாங்கு சொல்ல நம்மை அழைக்கிறீர்கள். அந்தக் காது கேட்கிறதா என்ற சோதனையை ஒரு மாதத்துக்குள் செய்துவிடுங்கள். குறை இருந்தால் மூன்று மாதத்துக்குள் அதை உறுதி செய்து, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை தொடங்குவதே மருத்துவ நெறி. காது கேளாத குழந்தைதான் பெரும்பாலும் பேசாத குழந்தையாகிறது. மூன்று வயதில் திக்கும் குழந்தையை அதட்டாதீர்கள். பெரும்பாலோருக்கு அது தானே மறைந்துவிடும். மறையாதோருக்கு அதட்டல் மருந்தாகாது.

நிர்வாகத்தாரிடம் நாம் வைக்கும் கோரிக்கைகள் இரண்டு. ஜமாஅத் கல்வி உதவி இதுவரை பொறியியல் மாணவர்களுக்கே பெரிதும் சென்றுள்ளது. வரும் ஆண்டிலிருந்து இப்படிப்பில் சேரும் ஒரு மாணவிக்கோ மாணவருக்கோ நான்காண்டுக்கும் சேர்த்து உதவி ஒதுக்க வேண்டும். ஜகாத் நிதியா பொது நிதியா என்பதை அமர்ந்து பேசி முடிவு செய்துகொள்ளலாம். இரண்டாவது, இந்த மஹல்லாவில் ஒவ்வொரு குழந்தையையும் தனித்தனியே அழைத்து, அது ஒலிக்கும் எழுத்தை நாள்தோறும் காதுகொடுத்துக் கேட்பவர்கள் மக்தப் உஸ்தாதுகள் மட்டுமே. பள்ளிக்கூடத்தில்கூட அவ்வாறு கேட்க நேரமில்லை. ஆகவே, எழுத்துக்கள் தொடர்ந்து மாறி ஒலிக்கும் பிள்ளைகள், திக்கும் பிள்ளைகள், கூப்பிட்டால் திரும்பாத பிள்ளைகள் ஆகியோரின் பெயர்களை உஸ்தாதுகள் குறித்து வைத்து, பெற்றோரிடம் மட்டும் தனியே தெரிவிக்க வேண்டும். அப்பட்டியல் வேறு யார் கைக்கும் போகக் கூடாது. ஷவ்வால் மாதம் மக்தப் திறந்தவுடன் இதைத் தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.