1911: குண்டாற்று மணலிலிருந்து

வெயில் ஏறுவதற்குள் கருத்தரங்கின் முதல் அமர்வு தொடங்க வேண்டும். அதனால் நேரே 1911-க்கு வருகிறேன்.

அந்த ஆண்டு ஜூலை 29-ல் கல்கத்தாவில் மோகன் பகான் அணி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலோடு ஆடினார்கள் என்று இன்றும் வியந்து எழுதுகிறார்கள். திருச்சுழிப் பக்கம், வற்றிய குண்டாற்று மணலில் பந்து விரட்டி வளர்ந்த எனக்குப் பூட்ஸ் போட்ட அந்த ஒருவர்தான் வியப்பு!

என்னை அதிகம் யோசிக்க வைப்பது அதே கோடையில் இங்கிலாந்து போன இந்திய கிரிக்கெட் அணி. மணியாச்சியில் கலெக்டர் ஆஷ் சுடப்பட்ட ஜூன் 17-ல் அவர்கள் இங்கிலாந்தில்தான் இருந்தார்கள். தலைவர் பாட்டியாலா மகாராஜா பூபிந்தர் சிங். ஐந்தாம் ஜார்ஜ் முடிசூடும் நேரம். மகாராஜாவுக்கு விருந்துகள் இருந்தன, பெரும்பாலான ஆட்டங்களில் ஆளைக் காணோம். பந்துவீச்சுச் சுமை பல்வங்கர் பாலுவின் இடக்கை மேல் விழுந்தது. அந்தப் பயணத்தில் அவர் எடுத்தது 114 விக்கெட்.

பாலு தோல் வேலை செய்யும் சாதியில் பிறந்தவர். புனாவில் வெள்ளைக்காரர் கிளப்பில் ஆடுகளம் பராமரித்தவர். திறமையைப் பார்த்து புனா இந்து அணி சேர்த்துக்கொண்டது. தேநீரை மட்டும் தனியாக, வெளியே, மண்குவளையில் கொடுத்தது. அவர் வீசிய பந்தை எல்லாரும்தான் எடுத்துப் போட்டார்கள். பம்பாய் இந்து அணிக்குத் தலைமை அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. தம்பி விட்டலுக்குக் கிடைத்தது 1923-ல்.

எங்கள் திருச்சுழியிலிருந்து கமுதி தூரமில்லை. 1897-ல் அங்கே மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நாடார்கள் நுழைந்தது வழக்காகி, லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், 1908-ல் நுழையக்கூடாது என்றே முடிந்தது. சாதியும் ஊரும் வேறுதான். கமுதியையும் புனாவையும் ஒன்றென்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் கோயிலுக்குள் யார் எதுவரை போகலாம் என்பதற்குக் கோர்ட்டில் சாட்சியம் இருக்கிறது. பொட்டலில் யார் யாரோடு சடுகுடு ஆடினார்கள், இளவட்டக்கல்லைத் தூக்க யாரை விட்டார்கள் என்பதற்கு யார் சாட்சி சொன்னார்கள்? திருச்சுழியில் பிறந்த வேங்கடராமனுக்குச் சிறுவயதில் கால்பந்திலும் மல்யுத்தத்திலும் நாட்டம் இருந்தது நமக்குத் தெரியும். அவர் ரமண மகரிஷி ஆனதால் தெரியும். கூட ஆடிய பையன்களை யார் எழுதி வைத்தார்கள்?

இது தண்ணீருக்குத் தவிக்கிற கரிசல் பூமி. ஆட்டம் முடிந்தால் நாக்கு வறளும். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்களோடு பிற்பகலில் உரையாடல் இருக்கிறது. ஆய்வாளர்கள் அவர்களிடம் யார் ஜெயித்தது என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம். ஆட்டம் முடிந்து யார் யார் எந்தக் கிணற்றுக்குப் போனார்கள், யார் இறைத்து ஊற்றினார்கள், யார் கையேந்திக் குடித்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.